அரை லிட்டர்

காலியாக இருக்கும்போது எத்தனை கிலோ என்று
ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் அடித்திருக்கும்.
பதினைந்து புள்ளி மூன்று. பதினாறு. பதினைந்து புள்ளி எட்டு.
அதோடு பதினாலு கிலோ இருநூறு கிராம் கேஸ்.
பத்தொன்பது வருஷம்
சத்துவாச்சாரி மலையோரத் தெருக்களில்
நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.
தோள் கூட்டிக்கொண்டது.

பயிற்சி அறையில் பிலோமினா மேடம் கேட்டார்:
"இதுக்கு முன்னாடி எடை தூக்கிப் பழக்கம் உண்டா?"
சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும்.
இருமல் மாதிரி ஏதோ செய்தேன்.

நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டார்.
கையை ஊன்றாமல் எழுந்திரிங்க.
முதல் நாள் மூன்று முறை.
நாலாவதுக்குத் தொடை
வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல் கிடந்தது.
"மாத்திரை தின்னுடுச்சு தேசிங்கு.
மாத்திரைய நிறுத்த முடியாது.
தொடைய மறுபடி செஞ்சிக்கலாம்."
செங்கல் சூளைக்காரர் பேசுவது மாதிரி இருந்தது.

பிறகு கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.
அரை லிட்டர்.

டயாலிசிஸ் காலத்தில்
அதுதான் என்னுடைய ஒரு முழு நாள்.
மாத்திரைக்கு இரண்டு மடக்கு,
மத்தியானம் மூடியில் ஊற்றி நாலு மூடி,
ராத்திரி ஐஸ்கட்டி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கி
அது கரைகிற வரைக்கும்தான் தூக்கம்.
மே மாத வேலூரில்
பக்கத்து வீட்டுக் குழாய் திறக்கும் சத்தத்துக்கு
எழுந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அதே பாட்டிலை
இப்போது தோள் வரைக்கும் தூக்கச் சொல்கிறார்கள்.
தூக்கும்போது மூச்சை விடு. இறக்கும்போது இழு.
அடக்காதே.
சிலிண்டருக்கு நேர்மாறு.
அங்கே அடக்கின மூச்சில்தான் மூணு மாடி.
இடது மணிக்கட்டில் ஊசிக்கென்று இணைத்த நரம்பு
இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது,
ஆள் ஏறாத ஷேர் ஆட்டோ
எஞ்சினை அணைக்காமல் நிற்பது போல.

பத்து முறை. இரண்டு கைக்கும்.
"இப்ப அதைக் குடிச்சிடுங்க" என்றார் மேடம்.
தூக்கிய எடையைக் குடிக்கலாம் என்று
என் தொழிலில் யாரும் சொன்னதில்லை.
நின்ற இடத்திலேயே குடித்தேன், முழுசும்.
பாலாற்றில் மணல் மட்டும் படுத்திருக்கிற ஊரில்
எனக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர்.

மகன் சொன்னான்,
பாட்டிலில் மணலை ரொப்பினால் கனம் ஏறுமே என்று.
மணலைக் குடிக்க முடியாதுடா.

ராத்திரி எட்டு மணி மாத்திரைக்கு அலாரம் அடிக்கும்.
பின்னாலேயே ஆரணியிலிருந்து நவநீதம் அக்கா.
"இன்னாடா, எம்புள்ளைய இன்னிக்கு இன்னா தூக்க வெச்ச?"
கொடுத்த கிட்னிக்கு அது வைத்த பேர்.
"அரை லிட்டரு."
"அய்ய. நான் இங்க அரிசி மூட்டைக்குக் கை போட்டுனு கீறேன்."
போடாதே என்றால் கேட்காது.
ஒன்றை வைத்துக்கொண்டும் அது இரண்டு ஆள்.

நடுவில் ஒரு தரம் கிரியேட்டினின்
ஒன்று புள்ளி மூன்றிலிருந்து ஒன்று புள்ளி ஏழுக்குப் போனது.
பதினோரு நாள் பாட்டிலைத் தொடவில்லை.
வலது அடிவயிற்றில் கையை வைத்தபடி,
தூங்கும் குழந்தை இருக்கிற வீட்டில் நடப்பது போல் நடந்தேன்.
தண்ணி போதலை, அவ்வளவுதான் என்றார் டாக்டர்.
அவ்வளவுதானா என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எங்கள் வீட்டுக்கே சிலிண்டர் வந்தது.
என் பழைய லைனில் இப்போது இர்ஃபான்.
வாசலில் இறக்கி வைத்துவிட்டு,
என்னைப் பார்த்து, பார்வையை அதன்மேல் மாற்றி,
"நானே உள்ள வெச்சிடறேண்ணா" என்றான்.
கழுத்தைப் படித்தேன். பதினாறு புள்ளி ஒன்று.
முதல் தடவையாகக் கூட்டிப் பார்த்தேன்.
முப்பது புள்ளி மூன்று.

கையெழுத்துப் போட நோட்டை நீட்டினான்.
கையை ஊன்றாமல் எழுந்தேன்.
அன்றைய கணக்கு ஏற்கெனவே பதினைந்து முடிந்திருந்தது.
இதையும் சேர்த்துப் பதினாறு என்று எழுதலாமா என்று
மேடத்தைக் கேட்க வேண்டும்.